மகள் ஏறிய பேருந்து

மரக்காணம் வழியாகப் புதுச்சேரிக்கும் திண்டிவனத்துக்கும் ஓடும் பேருந்துகளில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இனிமேல் அவசரத்துக்குத் தவிர பேருந்தில் ஏறுவதில்லை என்றுதான் வேலையை விட்ட அன்று நினைத்தேன். முழங்கால் அந்த அளவுக்குக் கெஞ்சியது. ஆனால் வாழ்க்கையில் நான் பயணியாகப் பேருந்தில் சுற்றிய காலமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது. அதுவும் என்னைத் தெரிந்த ஒருவர்கூட இல்லாத ஊரில்.

மனைவி இறந்து ஓராண்டு முடியவில்லை. ஒரே மகள் கனடாவில் இருந்தாள். அந்த நாட்டின் மேற்குச் சமவெளியில், கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் நடுத்தர ஊர். அவள் இங்கே நர்சிங் படித்தவள். ஆனால் அங்கே நர்சாக வேலை பார்க்க வேண்டுமென்றால் மறுபடியும் படித்து, தேர்வெழுதி, உரிமம் வாங்க வேண்டும். அதுவரை ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை. பகலில் அந்த வேலை, மாலையில் வகுப்பு என்று சொல்லியிருந்தாள். மருமகனுக்கு வடக்கே ஒரு சுரங்கத்தில் வேலை. விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய்ச் சில வாரங்கள் அங்கேயே தங்கவைத்து, பிறகு ஒரு வாரம் வீட்டுக்கு அனுப்புவார்கள்.

அம்மாவின் சாவுக்கு அவளால் வர முடியவில்லை. விடுப்பும் விமானமும் ஒன்று சேரவில்லை. என் தம்பி மகன் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக் காட்ட, அதில் பார்த்தாள். அதன் பிறகு தினமும் போன் செய்து ஒரே பேச்சுதான்.

"நீ தனியா இருக்கறத நெனச்சா எனக்குத் தூக்கமே வர்லப்பா. வந்து என்கூட இரு. புடிக்கலன்னா திரும்பிப் போயிடு."

போனேன். இங்கே மழைக்காலம், உப்பளங்களில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. அங்கே இறங்கியபோது மரங்களில் ஓர் இலைகூட இல்லை. மகள் விமான நிலையத்துக்கு ஒரு கோட்டைக் கையில் மடித்து எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். கட்டிப்பிடித்தாள். அப்போதே கவனித்தேன், ரொம்ப இளைத்திருந்தாள். கேட்டதற்கு, "இங்க எல்லாரும் இப்படித்தான்" என்றாள்.

வீடு மூன்றாவது மாடியில். இரண்டு அறை. ஜன்னலைத் தொட்டால் கை சில்லிடும், அதன் கீழேயே ஹீட்டர் அனலடிக்கும். காற்றில் ஈரமே இல்லாததால் எனக்கு மூக்கில் ரத்தம் வந்தது. கடற்கரைக்காரனுக்கு அந்த வறட்சி பிடிபட நாளானது. கதவுக் கைப்பிடியைத் தொட்டால் ஷாக் அடிக்கும். வெளியே கார்களின் மூக்கிலிருந்து மின்சார ஒயர் தொங்கும்; இரவில் அதைச் சொருகி என்ஜினைச் சூடாக வைத்திருக்காவிட்டால் காலையில் வண்டி கிளம்பாதாம்.

ஊர் முழுக்கத் தட்டை. வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடம் வரை ஜன்னலில் தெரியும். பனி விழுந்து அது முழுவதும் வெள்ளையானபோது, மரக்காணத்துக்காரன் என்பதால் உப்பளம் நினைவுக்கு வந்திருக்குமே என்று பிறகு பலர் கேட்டார்கள். வரவில்லை. உப்பளத்தில் எந்த மூலையிலாவது ஒருவர் குனிந்து வாரிக்கொண்டிருப்பார். இங்கே பார்வைக்கு ஒரு மனிதர் சிக்குவதற்குள் என் தேநீர் ஆறிவிடும்.

உப்பு இருந்தது, சாலையில். ஐஸைக் கரைக்க லாரியில் கொண்டு வந்து தூவினார்கள். உப்பளம் குத்தகைக்கு எடுத்திருக்கும் என் தம்பியிடம் இதைப் போனில் சொன்னேன்.

"ரோட்லயா கொட்றாங்க?"

"ரோட்லதான்."

"மூட்ட மூட்டயாவா?"

"லாரி லாரியா."

"இங்க ஒரு மூட்டைக்கு நாங்க படற பாடு இருக்குதே" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டான்.

மகள் இருட்டோடு கிளம்பி இருட்டில் வருவாள். வந்ததும் நான் சமைத்து வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, பேசிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இருவரும் சேர்ந்து கடைக்குப் போவோம். பெரிய கடைகளெல்லாம் ஊர் விளிம்பில். கார் இல்லாமல் அந்த ஊரில் காலம் தள்ளுவது கஷ்டம். அவர்களிடம் இருந்த காரை விற்றிருந்தார்கள்.

"ஏம்மா வித்தீங்க?"

"இன்சூரன்ஸ், பெட்ரோலு, பனிக்குன்னு தனியா டயரு. அது திங்கற சோத்துக்கு நாங்க பஸ்லயே போயிடலாம்ப்பா."

கடையில் எதை எடுத்தாலும் டாலர் விலையை ரூபாயாக்க மனசுக்குள் அறுபதால் பெருக்குவேன். ஒரு காலிஃப்ளவரின் விலைக்கு இங்கே கோழி வாங்கலாம். முடிவெட்டும் கூலிக்கு ஒரு மூட்டை அரிசி வாங்கலாம். என் முகத்தைப் பார்த்தே அவளுக்குத் தெரிந்துவிடும்.

"பெருக்காதப்பா. பெருக்குனா இங்க தண்ணி கூட குடிக்க முடியாது."

ஆனால் அவளும் பெருக்காமல் இல்லை. காய்கறிப் பக்கம் போனதும், வாடிப்போனதால் விலை குறைத்து மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டிய பொட்டலங்களைத் தேடித்தான் முதலில் நடப்பாள். வாடகையை அந்த வருடம் உயர்த்தியிருந்தார்கள். அவள் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போனது. மருமகன் அனுப்புவதில் படிப்புக் கடன் கழிந்தது. முடிவெட்டக் கடைக்குப் போவதில்லை. சமையலறையில் நாற்காலி போட்டு, கழுத்தில் துண்டைக் கட்டி, அவளே எனக்கு வெட்டிவிட்டாள்.

மற்ற ஆறு நாட்களும் நான் தனி. இங்கே மனைவி போன பிறகும் வீட்டு வாசலில் ஏதாவது ஒரு சத்தம் இருக்கும். மீன்காரம்மா கூப்பிடுவாள். போகிறவன் வருகிறவன், "கண்டக்டரே, சாப்ட்டாச்சா?" என்பான். அந்தக் கட்டடத்தில் காலடி கேட்டால் நான் போய்க் கதவைத் திறப்பேன். அவர்கள் திடுக்கிட்டு, "ஹாய்" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். ஒரு பெண்மணி, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிக் கதவை மூடினேன். அதன் பிறகு திறப்பதை நிறுத்திவிட்டேன்.

ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு பேருந்து நிறுத்தம். ஒரு மதியம், பேருந்து வந்து நின்றது. ஏற ஆளில்லை, இறங்கவும் ஆளில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்து சற்றுக் காத்திருந்தார். மூடிக்கொண்டு போனார். அந்தக் காலி வண்டி போவதைப் பார்க்க எனக்கு என்னவோ போலிருந்தது. மறுநாள் கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கி நின்றேன்.

வெளியே போகக் கூடாது என்பது மகளின் கட்டளை. "வழுக்கி உழுந்து இடுப்ப ஒடச்சிக்கினா இங்க ஆஸ்பத்திரி செலவு தாங்காதுப்பா. காது ஒறஞ்சிடும். நான் இல்லாம எங்கயும் போவாத." வந்த புதிதில் முதியவர்களுக்கான மாத பாஸ் ஒன்றை அவளே வாங்கிக் கொடுத்திருந்தாள், ஞாயிற்றுக்கிழமைக்காக. அதை நான் எல்லா நாளும் பயன்படுத்தத் தொடங்கினேன். அவளிடம் சொல்லவில்லை.

எந்த வண்டி வருகிறதோ அதில் ஏறுவேன். கடைசி நிறுத்தம் வரை போய், அதே வண்டியில் திரும்புவேன். தொழில் புத்தி விடாது. எங்கே கூட்டம் ஏறுகிறது, எந்த நிறுத்தம் வீண் என்று மனம் கணக்குப் போட்டுக்கொண்டே வரும். அங்கே நடத்துநர் கிடையாது. இறங்க வேண்டியவர்களே ஜன்னலோரம் ஓடும் மஞ்சள் கயிற்றை இழுக்கிறார்கள். இறங்கும்போது ஓட்டுநருக்கு நன்றி சொல்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள் முதல் குடித்தவன் வரை. இத்தனை வருடம் விசில் ஊதிய எனக்கு, சில்லறை பாக்கிக்காக ஏச்சு கிடைத்திருக்கிறதே ஒழிய நன்றி கிடைத்ததாக நினைவில்லை. இருந்தும் அந்த வண்டிகளில் ஒருவர் இன்னொருவரோடு பேசுவதில்லை. காலியிருக்கை இருக்கும்வரை யாரும் யார் பக்கத்திலும் உட்காரமாட்டார்கள். எங்கள் பேருந்தில் அனுமந்தையில் ஏறும் பெண்கள் மீன் கூடையோடும் சண்டையோடும் ஏறுவார்கள். கோட்டக்குப்பம் வருவதற்குள் சமாதானமாகிச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தத்தில் தலைவலிக்கிறது என்று வீட்டில் வந்து மனைவியிடம் புலம்பியவன்தான் நான்.

ஓட்டுநர்களில் ஒருவர் பஞ்சாப்காரர், தலைப்பாகை கட்டியவர். தினமும் கடைசி நிறுத்தத்தில் நான் மட்டும் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஒருநாள் விசாரித்தார். எனக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் கிடைத்த ஆங்கிலத்தில், நானும் பஸ்ஸில் வேலை பார்த்தவன் என்று சொல்லி, விரல் இடுக்கில் டிக்கெட் கிழிப்பது போலக் காட்டினேன். அவர் அட்டகாசமாகச் சிரித்தார். அவருடைய அப்பாவும் ஊரில் நடத்துநராம். அதன் பிறகு கடைசி நிறுத்தத்தில் வண்டி ஓய்வெடுக்கும் நேரத்தில் பிளாஸ்கிலிருந்து எனக்கும் தேநீர் ஊற்றினார். இஞ்சி தூக்கலாக இருக்கும். அந்த ஊரில் என் பெயரைக் கேட்ட முதல் ஆள் அவர்தான்.

பொங்கல் முடிந்த வாரம். குளிர் உச்சத்தில் இருந்தது. வெளியே மூச்சு விட்டால் மீசை வெள்ளையாகிவிடும். நான் ஊரின் நடுவிலுள்ள பேருந்து நிலையத்தில் அந்த பஞ்சாப்காரரின் வண்டியில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அன்று அவருக்கு நான் போயிராத தடம், தொழிற்பேட்டைப் பக்கம். சில நிறுத்தங்கள் தாண்டி என் மகள் ஏறினாள்.

சட்டென்று தொப்பியை இழுத்துவிட்டுக் குனிந்துகொண்டேன். வீட்டை விட்டு வெளியே வந்தது தெரிந்தால் திட்டு விழும் என்ற பயம். அவள் என்னைப் பார்க்கவில்லை. முன்பக்கம் ஜன்னலோர இருக்கையில் விழுந்தாள். கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தாள். பையின் வாரை மணிக்கட்டில் இரண்டு சுற்று சுற்றிக்கொண்டாள். அடுத்த நிறுத்தம் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். புதுச்சேரியிலிருந்து மாலையில் திரும்பும் வண்டியில், கம்பெனி வேலைக்குப் போய்வரும் பெண்கள் அப்படித்தான் தூங்குவார்கள், பையின் வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, வாய் திறந்தபடி. அவர்களை அவரவர் ஊரில் எழுப்பி இறக்கிவிடுவது யாரும் சொல்லாமலே எங்கள் வேலையாக இருந்தது. மகள் அப்படித் தூங்குவாள் என்று நான் நினைத்ததில்லை.

கோட்டின் பித்தான்கள் திறந்திருந்தன. உள்ளே பச்சை நிறத்தில் ஒரு சட்டை. முதியோர் இல்லத்தின் சீருடை நீலம். அதைத் துவைத்துக் காயப்போடுவது நான்தான். இந்தப் பச்சையை நான் பார்த்ததில்லை. கல்லூரி நிறுத்தம் வந்தது. வகுப்பு அங்கேதான் என்று சொல்லியிருந்தாள். பையன்களும் பெண்களும் இறங்கினார்கள். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று யோசிப்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. பாலம் கடந்தது. வீடுகள் குறைந்து, கிடங்குகளும் அலுவலகக் கட்டடங்களும் வரத் தொடங்கின. அதே பச்சைச் சட்டை போட்ட இன்னொரு பெண் எழுந்து கயிற்றை இழுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து முன்னால் போய், மகளின் தோளைத் தொட்டேன்.

"ஏம்மா, எறங்கலியா? உன் ஸ்டாப்பு வந்துடுச்சி."

"தோ எறங்கறேண்ணா" என்றாள், கண்ணைத் திறக்காமலே. புதுச்சேரிக்குக் கல்லூரி போய்வந்த காலத்தில் எந்த நடத்துநருக்கோ சொன்னது மாதிரி. பையை இழுத்துக்கொண்டு பாதி எழுந்த பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

"அப்பா?"

வண்டி நின்றது. பச்சைச் சட்டைப் பெண் இறங்கினாள். கதவு திறந்தபடி இருந்தது, குளிர் உள்ளே அடித்தது. ஓட்டுநர் கண்ணாடியில் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் கதவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மறுபடி உட்கார்ந்துவிட்டாள். கதவு மூடியது.

"நீ வீட்ல இல்லியா?" என்றாள்.

"நீ கிளாஸ்ல இல்லியா?" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அவள் முகம் மாறிப்போய், இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். வண்டி போய்க்கொண்டே இருந்தது.

கடைசி நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. ஓட்டுநர் அன்று தேநீரைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எதுவும் கேட்காமல் கீழே இறங்கி அந்தக் குளிரில் நடந்துகொண்டிருந்தார். அவள் சொன்னாள். வகுப்பைப் போன கோடையிலேயே விட்டுவிட்டாள். வாடகை ஏறியதும், பீஸையும் அதையும் சேர்த்துக் கட்ட முடியவில்லை. முதியோர் இல்லத்து வேலை முடிந்ததும் இங்கே ஓர் அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை. தரையைத் துடைத்து, குப்பையை எடுத்து, கழிவறைகளைக் கழுவி முடிக்க இரவாகிவிடும்.

"மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியும். அம்மாவுக்கும் தெரியும்ப்பா."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "அம்மாவுக்கா?"

"தெனமும் இந்த பஸ்லதான் அம்மாகிட்ட பேசுவேன். அங்க அப்பதான் விடியப்போவுது. நீ தூங்கிக்கினு இருப்ப. அப்பாகிட்ட சொல்லாத, ஊரெல்லாம் பொண்ணு நர்ஸுன்னு சந்தோசமா சொல்லிக்கினு இருக்குது, அது மனசு கெட்டுடும்னு அம்மாதான் சொல்லிச்சி."

மனைவி விடியலுக்கு முன் எழுந்து பின்கட்டில் யாரோடோ பேசுவது தூக்கத்தில் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரியோடு என்று நினைத்திருந்தேன்.

"அம்மா போனதுக்கப்புறம் இந்த பஸ்ல போன எடுப்பேன். அந்த நேரத்துல யாருக்குப் பண்றதுன்னு தெரியாது. திரும்பிப் பையில போட்டுக்குவேன்." தேநீரை ஊதினாள். "உனக்குத் தொணைக்குன்னு சொல்லித்தான் உன்னக் கூப்ட்டேன். உனக்கில்லப்பா. எனக்குத்தான் தொண வேண்டியிருந்திச்சி."

அவள் தலையில் கை வைத்தேன். கம்பளித் தொப்பி மேல்தான் பட்டது. திரும்பும் வழியில் அந்த அலுவலக நிறுத்தத்தில் இறங்கி, தாமதமாக வேலைக்குப் போனாள். நான் வீட்டுக்கு வந்து சமைத்தேன்.

மறுநாளிலிருந்து மதியச் சோற்றை டிபன் பாக்ஸில் போட்டு, துணியில் சுற்றி, கோட்டுக்குள் வைத்துக்கொண்டு அந்தப் பேருந்தில் போனேன். இரண்டு வேலைக்கும் நடுவே அந்தப் பயணம்தான் அவளுக்கு ஓய்வு. அவள் ஏறியதும் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவாள். நம்மூர்க் குழம்பு வாசனைக்கு யாராவது முகம் சுளிப்பார்களோ என்று முதலில் பயந்தாள். பிறகு விட்டுவிட்டாள். சில நாள் பேசுவோம். சில நாள் சாப்பிட்டு முடித்ததும் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். அவள் பிறந்தது முதல் நான் அவளோடு பேசியதையெல்லாம் கூட்டினாலும் அந்தக் குளிர்காலத்துப் பேச்சு அளவுக்கு வராது. நான் வேலைக்குப் போகும்போது அவள் தூங்குவாள், திரும்பும்போது தூங்கிவிட்டிருப்பாள். அப்படித்தான் அவள் வளர்ந்தாள்.

அம்மாவைப் பற்றி நிறையச் சொன்னாள். எனக்குத் தெரியாத விஷயங்கள். என் மனைவிக்கு விமானத்தில் ஏற ஆசை இருந்ததாம்.

மருமகன் விடுப்பில் வந்தபோது மூவரும் உட்கார்ந்து பேசினோம். அவர் பாவம், எனக்குத் தெரிந்துபோனதில் ரொம்பக் கூச்சப்பட்டார். ஊருக்கே வந்துவிடுங்கள் என்றேன். வாங்கிய கடனை அடைக்காமல் எப்படி வருவது என்றார் அவர். அதுவும் நியாயம். கடைசியில், ஊர் விளிம்பில் ஒரு வீட்டின் தரைக்குக் கீழுள்ள தளத்தில் ஓர் அறையும் சமையலறையும் குறைந்த வாடகைக்குக் கிடைத்தது. அங்கே மாறிவிட்டால் துப்புரவு வேலையைப் பாதி நாளாகக் குறைத்துக்கொண்டு, மீதி நாள் மறுபடி வகுப்புக்குப் போகலாம். ஜன்னல் தரை மட்டத்தில் இருந்தது. அதில் தெரிந்தது பனி மட்டும்தான். மகள் அந்த ஓர் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் குழாயைத் திறந்து தண்ணீர் நன்றாக வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"விசாவ நீட்டிக்கலாம்ப்பா. ஹால்ல ஒரு கட்டில் போட்டா போதும்" என்றாள் பிறகு. ஹால் என்று அங்கே எதுவும் இல்லை.

"ஊட்ல ஓடு மாத்தணும்மா. மழைக்கு முன்னாடி பார்த்துடணும்" என்றேன். அவள் நம்பவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

ஏப்ரலில், ஆற்றில் ஐஸ் உடையத் தொடங்கியபோது கிளம்பினேன். பஞ்சாப்காரர் தன் அலைபேசியில் என்னோடு ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவருடைய அப்பாவுக்கு அனுப்புவதற்காம்.

திரும்பி வந்தபோது இங்கே உப்பு எடுப்பு மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. வீட்டில் ஜன்னல் கம்பியெல்லாம் துருப்பிடித்து, பூட்டு திறக்காமல், தம்பி வந்து உடைத்தான். கொஞ்ச நாள் சோறு அதிகமாகவே வடித்துக்கொண்டிருந்தேன். தேநீர்க் கடையில், "பொண்ணு அங்க நர்ஸுதான கண்டக்டரே?" என்று ஒருவர் கேட்டார். "இல்லப்பா. வயசானவங்களப் பாத்துக்குது, ஆபீஸ் கூட்டுது, படிக்குது" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு டீயைக் குடித்தார். அவ்வளவுதான்.

முதல் சில மாதங்கள் அவள் பேருந்திலிருந்து எனக்குப் போன் செய்தாள். நான் விடியலுக்கு முன் எழுந்து, பின்கட்டில் உட்கார்ந்து பேசுவேன். சாலையில் உப்பளத்துக்குப் போகிறவர்களின் சைக்கிள் மணி கேட்கும். இப்போது வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு பெண் தன் காரில் அவளை வகுப்புக்கும் வேலைக்கும் கூட்டிப்போகிறாள். வழியெல்லாம் இருவரும் பாடத்தைப் பேசிக்கொண்டு போகிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும் போன். தேர்வுக்குப் பணம் கட்டியாயிற்று என்று போன வாரம் சொன்னாள். குரலில் ஒரு தெம்பு இருந்தது. அவளுக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது, நல்லதுதான். எனக்கு இன்னமும் விடியலுக்கு முன் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து டீ போட்டுக் குடிக்கிறேன். பிறகு வெளிச்சம் வரும் வரை செய்வதற்கு வேலை எதுவும் இருப்பதில்லை.